உறையின் முகமும் உள்ளிருக்கும் பொருளும்



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்தவர்களுக்குத் தயிர்ச்சட்டியைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சூரியன் எழும் பக்கத்திலுள்ள எழுவான்கரையார், சூரியன் படும் பக்கத்திலுள்ள படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிரை நெடுங்காலமாக விரும்பி வாங்கி வருகின்றனர். என் இளமையில் என் தாயார் தயிர் வாங்கும் முறையை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். முதலிற் சட்டியின் வாயிற் கட்டிய கடதாசியை அவிழ்க்கச் சொல்லுவார். ஆடை படிந்திருக்கிறதா, ஓரத்தில் நீர் பிரிந்திருக்கிறதா என்று நோக்குவார். பின்பு சட்டியைச் சற்றே சரித்துப் பார்ப்பார். இறுதியாக அதன் அடியை விரல் மடக்கித் தட்டுவார். அடி தடித்த சட்டி ஒரு விதமாகவும், மெல்லிய சட்டி வேறு விதமாகவும் ஒலிக்கும். தடித்த அடியுள்ள சட்டி பார்வைக்குப் பெரிதாயிருப்பினும், கொள்ளும் தயிர் குறைவு. விற்பவர் அதனை அறிவார். வாங்கும் என் தாயாரும் அறிவார். இருவரும் அறிந்திருந்தமையால் விலை நியாயமாக முடிந்தது.

வாணிபத்தின் அடிப்படை அறம் இதுவே. பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிய வழி இருத்தல் வேண்டும். மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிபம் செய்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. ஈராயிரம் ஆண்டு கழிந்த பின்னும் அந்த அளவுகோல் மாறவில்லை. மாறியிருப்பது பொருள் நம் கைக்கு வந்து சேரும் விதம். இன்று நாம் வாங்கும் உணவுகளுட் பல உறைக்குள் ஒட்டப்பட்டு, பேணிக்குள் அடைக்கப்பட்டு, போத்தலுக்குள் மூடப்பட்டு வருகின்றன. அவற்றை முகர்ந்து பார்க்க இயலாது. விரலால் தொட்டுப் பார்க்க இயலாது. தட்டிப் பார்த்தாலும் பயனில்லை. கண்ணுக்குத் தெரிவது உறை ஒன்றே. அந்த உறை நம்மோடு எவ்வாறு பேசுகின்றது, எவ்விடத்தில் நம்மைப் பிழையாக எண்ணச் செய்கின்றது, அதனால் யாருக்குத் தீங்கு நேர்கின்றது என்பவற்றையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் உறையின் நன்மையை ஒப்புக்கொள்வோம். உப்புக் காற்று வீசும் இந்த வாவிக் கரையில், திறந்து வைத்த பிஸ்கற் ஒரு மாலைப் பொழுதுக்குள் நமுத்துவிடும். ஈயும் எறும்பும் தூசியும் படாமல் உணவைக் காப்பதும், தூர இடங்களிலிருந்து கெடாமற் கொண்டுவருவதும் உறையாலேயே இயலுகின்றன. பொரித்த கிழங்குச் சீவல் பக்கற்றினுள்ளே காற்று நிறைந்திருப்பதைச் சிலர் வஞ்சகம் என்பர். ஓரளவு காற்று அந்தச் சீவல் நொறுங்காமற் காப்பதற்காக அடைக்கப்படுவதே. ஆகவே உறை முழுவதையும் பழிப்பது நம் நோக்கமன்று. காப்பதற்கென வந்த உறை மறைப்பதற்கும் பயன்படுகின்ற இடத்தை அறிந்துகொள்வதே நோக்கம்.

இவ்விடயம் என் உள்ளத்திற் பதிந்தது 2022ஆம் ஆண்டில். அவ்வாண்டு நம் நாட்டு மக்கள் பட்ட இடரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தை நோக்க 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. பால்மா கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஏழைக்கு எட்டாத விலை. அக்காலத்தில் எங்கள் பாடசாலையில் ஆறாம் ஆண்டிற் கற்ற மாணவி ஒருத்தி சில நாட்கள் தொடர்ந்து வரவில்லை. பின்பு அவள் தன் பெத்தாவோடு வந்தாள். தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிக்குச் சென்றிருந்தாள். ஒன்றரை வயதுத் தம்பியை வளர்க்கும் பொறுப்பு பெத்தாவுக்கும் இச்சிறுமிக்கும் உரியதாயிற்று. தம்பியைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு செல்வதற்காகவே அவள் பாடசாலைக்கு வராமல் நின்றாள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதமாக மேலே ஏறவில்லை என்று குடும்பநல மருத்துவமாது கண்டிருந்தார்.

பிள்ளைக்கு என்ன பால் கொடுக்கின்றீர்கள் என்று கேட்டேன். கிழவி தன் பையிலிருந்து சிறிய பக்கற் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் முகத்திற் பசும்புல் வெளி. அதில் ஒரு பசு. அருகில் வெண்ணிறமாக ஒழுகும் தாரை. “மாட்டுப் படம் போட்டிருக்கே வாத்தியார், பாலில்லாம வேறென்ன?” என்றார் அவர். பக்கற்றின் பின்புறத்தைத் திருப்பி, ஒட்டிய மடிப்பின் ஓரத்தில் நெருக்கி அச்சிட்டிருந்த எழுத்துகளைச் சிறுமியைப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். குளுக்கோசுப் பாகு, தாவர எண்ணெய், பாற்புரதம் சிறிதளவு, கட்டிபடாமற் காக்கும் பொருள் என்பன வரிசையாக வந்தன. அது பால்மா அன்று. தேநீரை வெண்ணிறமாக்குவதற்கென ஆக்கப்பட்ட மா. தேநீருக்கு அது தீங்கு செய்யாது. வளரும் பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாக அது உதவாது.

கிழவி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரங் கழித்து, “இதைக் கடைக்காரத் தம்பியும் பால் எண்டுதானே தந்தவன்” என்றார். அக்கடைக்காரரும் பொய் சொல்லியிரார் என்றே நான் நம்புகிறேன். அவரும் பக்கற்றின் பின்புறத்தைப் படித்தவர் அல்லர். படத்தையே அவரும் பார்த்திருந்தார். நற்பேறாகப் பிள்ளை பெரிய நோய்க்கு ஆளாகவில்லை. முட்டையும் மீனும் பருப்பும் சேர்த்து ஊட்டும் முறையை மருத்துவமாது சொல்லிக் கொடுக்க, அடுத்த மாதங்களில் நிறை தேறிற்று. ஆயினும் அந்த இரண்டு மாதம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

நேயர்களே, அந்த உறையில் ஒரு சொல்லும் பொய்யன்று என்பதைக் கவனியுங்கள். பால் என்ற சொல் அதன் முகத்தில் எங்குமே இல்லை. பசு இருந்தது, புல் இருந்தது, வெண்தாரை இருந்தது. பால் என்று எண்ணியது கிழவியின் மனம். அவ்வாறு எண்ணும்படி செய்தது படம். இதுதான் இன்றைய உறைகளின் இயல்பு. அவை வெளிப்படையாகப் பொய் சொல்வது குறைவு. உண்மையைச் சிறிய எழுத்திற் பின்புறத்தில் வைத்துவிட்டு, முன்புறத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள விட்டுவிடுகின்றன.

இஃது ஒரு கிழவியின் அறியாமை என்று தள்ளிவிடலாமோ? ஆகாது. லாவோஸ் என்ற தென்கிழக்காசிய நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அங்கே கோப்பியிற் கலப்பதற்கான வெண்பொருள் ஒன்று ‘பெயர் பிராண்ட்’ என்ற பெயருடன் பேணியில் விற்கப்பட்டது. நெஸ்லே நிறுவனத்தாரின் பொருள் அது. பேணியின் முகப்பில் தாய்க்கரடி ஒன்று தன் குட்டியைப் பாலூட்டும் பாவனையில் அணைத்திருக்கும் படம். தாய்ப்பாலுக்குப் பதிலாக இதனைக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையும் அதே பேணியில் அச்சிடப்பட்டிருந்தது. மருத்துவ ஆய்வாளர் சிலர் 84 கிராமங்களில் 1098 பெரியவர்களை விசாரித்து, 2008ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். பேணிக்குள் இருப்பது பாலே என்று நம்பியவர்கள் நூற்றுக்கு 96 பேர். அந்தக் கரடிப் படம் குழந்தைக்கு ஏற்றது அல்லது தாய்ப்பாலுக்கு ஈடானது என்பதைக் குறிக்கின்றது என்று கருதியவர்கள் நூற்றுக்கு 46 பேர். எச்சரிக்கையைப் படியாதவர்கள் நூற்றுக்கு 80 பேர். தம் குழந்தைக்கு அதனைக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 18 பேருக்கு மேல். கொடுக்கத் தொடங்கிய வயது சராசரியாக ஐந்து மாதத்துக்கும் குறைவு.

எழுத்து இருந்தது, படமும் இருந்தது. படம் வென்றது. அதற்கும் வெகு காலத்துக்கு முன்னரே, 1939ஆம் ஆண்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் உரை நிகழ்த்தினார். சீனி சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய ரின்பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விளம்பரஞ் செய்து விற்பதனால் நேரும் சாவுகளைச் சுட்டி, அவ்வுரைக்கு ‘பாலும் கொலையும்’ என்றே அவர் பெயரிட்டார். இவ்வாறான நீண்ட முயற்சிகளின் பயனாக, 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களின் விற்பனை பற்றிய சருவதேச விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. குழந்தைப் பால்மாப் பேணியிற் குழந்தையின் படம் இருத்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. நம் இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு விதிக்கோவையை ஆக்கிக்கொண்டது. ஒரு படத்தை நீக்குவதற்கு ஓர் உலகப் பேரவை கூட வேண்டியிருந்தது என்றால், படத்தின் வலிமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

உறை நம்மைத் தவறாக எண்ணச் செய்யும் வழிகள் பல. அவற்றை மூன்று வகையாகப் பிரித்து நினைவில் வைத்தல் எளிது. முதலாவது, படமும் பெயரும். இரண்டாவது, அளவு. மூன்றாவது, பெருமைச் சொல்.

முதல் வகைக்கு உதாரணம் பழ பானங்கள். ‘மாம்பழச்சாறு’ என்பது ஒன்று. ‘மாம்பழச் சுவை கொண்ட பானம்’ என்பது மற்றொன்று. முன்னையதிற் பழம் உண்டு. பின்னையதில் நீரும் சீனியும் நிறமும் மணமுமே பெரும்பகுதியாக இருத்தல் கூடும். ஆயின் இரண்டின் முகத்திலும் ஒரே மாம்பழம், அதே பனித்துளியோடு காட்சியளிக்கும். பிழிந்த சாற்றை வற்றச் செய்து, பின்பு நீர் கலந்து மீண்டும் ஆக்கிய பானங்கள் ‘நூற்றுக்கு நூறு பழச்சாறு’ என்று தம்மை அழைத்துக்கொள்ளலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 யூன் மாதத்தில் உத்தரவிட்டது. இதனினும் கவலைக்குரியது இன்னொன்று. வயிற்றோட்டத்தால் உடல்நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சீனிக் கரைசலுக்கு ‘ஓ.ஆர்.எஸ்.’ என்பது மருத்துவப் பெயர். நம் நாட்டில் ‘ஜீவனி’ என்றால் பலருக்கு விளங்கும். அதில் உப்பும் குளுக்கோசும் எவ்வளவு என்பது மருத்துவர் வகுத்த கணக்கு. அந்தப் பெயரை இனிப்புப் பானப் பெட்டிகளில் அச்சிட்டு இந்தியாவில் விற்றனர். சீனி மிகுந்த பானம் வயிற்றோட்டத்தைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டவும் கூடும். அத்தகைய பானங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாகாது என்று அதே ஆணையம் 2025 ஒக்டோபரில் உத்தரவிட்டது. வெள்ளம் வடிந்த பின் வயிற்றோட்டம் பரவக்கூடிய நம் தாழ்நிலக் கிராமங்களுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது.

இரண்டாவது வகை அளவு. முன்னைய தயிர்ச்சட்டியின் தடித்த அடியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த அடி, கடதாசிப் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்திக்குத் தட்டாக வந்திருக்கின்றது. போத்தலின் உட்குழிந்த அடியாக வந்திருக்கின்றது. மீன்பேணியையும் பாருங்கள். 425 கிராம் பேணி என்று வாங்குகிறோம். அது மீனும் அதைச் சூழ்ந்த நீரும் சேர்ந்த எடை. நீரை வடித்த பின் எஞ்சும் மீனின் எடை அதனிற் குறைவு. வடித்த எடை என்று அது தனியே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு பேணிகளை ஒப்பிடும்போது நோக்கவேண்டியது அந்த வடித்த எடையையே.

அளவில் இன்னொரு நுட்பமும் உண்டு. விலையை உயர்த்தினால் வாங்குபவர் முணுமுணுப்பார். ஆதலால் விலையை அவ்வாறே விட்டு, எடையைக் குறைத்துவிடுவர். உறையின் நிறமும் படமும் மாறா. 100 கிராம் இருந்த பக்கற் 80 கிராம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அப்படியாயின் விலையும் ஐந்தில் ஒரு பங்குதான் உயர்ந்தது என்று பலர் எண்ணுவர். அது கணக்குப் பிழை. முன்னர் 80 ரூபாவுக்கு 80 கிராம் வாங்கியவர், இப்பொழுது அதே 80 கிராமுக்கு 100 ரூபா கொடுக்கிறார். விலை நாலில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. இவ்வாறு எடை குறைந்து விலை குறையாத பொருள்களுக்கு முன்னால் அறிவித்தல் வைக்கவேண்டும் என்று பிரான்சு நாடு 2024 யூலை 1ஆந் திகதி முதற் பெரிய கடைகளுக்கு விதித்திருக்கின்றது. அவ்வறிவித்தல் இரண்டு மாதம் இருத்தல் வேண்டும். செல்வந்த நாட்டவருக்கே இது வேண்டுமென்றால், நாட்கூலியில் அடுப்பெரிக்கும் நம்மவருக்கு எவ்வளவு வேண்டும்!

‘பெரிய பக்கற் எப்பொழுதும் மலிவு’ என்ற நம்பிக்கையும் ஆராய்தற்குரியது. எங்கள் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிய கணக்கொன்றைச் சொல்லுகிறேன். ஒரே பொருள், 75 கிராம் பக்கற் 90 ரூபா, 200 கிராம் பக்கற் 230 ரூபா, 400 கிராம் ‘குடும்பப் பொதி’ 500 ரூபா. எது மலிவு என்று கேட்டவுடன் பிள்ளைகள் ஒரே குரலிற் பெரிய பொதி என்றனர். 100 கிராமின் விலையைக் காணச் சொன்னேன். முதலாவது 120 ரூபா. இரண்டாவது 115 ரூபா. மூன்றாவது 125 ரூபா. குடும்பத்தின் பெயரைச் சொன்ன பொதியே குடும்பத்திடம் அதிகம் வாங்கியது. இது கரும்பலகைக்கென வகுத்த கணக்காயினும், கடையில் இதனைச் செய்து பார்ப்பவருக்கு இத்தகைய விடை வருவது புதுமையன்று.

மூன்றாவது வகை பெருமைச் சொல். ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று தாவர எண்ணெய்ப் போத்தலில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பொய்யா? இல்லை. தாவர எண்ணெய்களிற் பொருட்படுத்தத்தக்க கொலஸ்திரோல் இயல்பாகவே இல்லை. அது விலங்குணவிற் காணப்படுவது. எல்லா எண்ணெய்க்கும் பொதுவான இயல்பை ஒருவர் தமக்கே உரிய சிறப்பாகப் பறைசாற்றுகிறார். அதைக் கேட்டு, எவ்வளவு ஊற்றினாலும் தீங்கில்லை என்று வாங்குபவர் எண்ணிவிடுகிறார். எண்ணெய் எதுவாயினும் அது கொழுப்பே என்பது மறந்துபோகின்றது. ‘சத்துப் பானம்’, ‘இயற்கையானது’, ‘வீட்டுச் சுவை’ என்பனவும் இவ்வினத்தவையே. 2024 ஏப்பிரலில் இந்திய அரசின் வர்த்தக அமைச்சு, மோல்ற் முதலிய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் விற்றலாகாது என்று இணையவழி வணிகருக்கு அறிவித்தது. அந்நாட்டு உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பது அதற்குக் காரணம். சட்டத்தில் இல்லாத ஒரு சொல், கோடிக்கணக்கான தாய்மாரின் மனத்தில் நெடுங்காலம் இருந்திருக்கின்றது!

இனி, நம் நாட்டிற் சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் இயல்பு, பெறுமதி, தரம், சேர்க்கை என்பவை பற்றிப் பொய்யான அல்லது பிழையான எண்ணத்தை உண்டாக்கும் வகையில் அதனைப் பொதிசெய்தலையும் விளம்பரஞ் செய்தலையும் தடைசெய்கின்றது. இங்கே ‘பிழையான எண்ணத்தை உண்டாக்கும்’ என்பதைக் கவனிக்கவேண்டும். சொல் பொய்யாக இருந்தால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டம் ஆக்கியோர் அந்தப் பசுப் படத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. உறையிற் குறித்த விலைக்கு மேல் விற்றலும், உறையிலுள்ள குறிப்புகளை அழித்தலும் மாற்றுதலும் அச்சட்டத்தின்படி குற்றம். எடையும் அளவும் சரியானவையா என்று நோக்குவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் கடமை.

சட்டம் நம் கண்ணுக்கு எளிதாக்கித் தந்த ஒன்றும் உண்டு. 2016 ஓகத்து 1ஆந் திகதி முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்பட்டு வருகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு; 2 கிராம் முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள்; 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. சிவப்புக் குறியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை ஒரு பிள்ளை குடித்து முடித்தால், 44 கிராமுக்கு மேற்பட்ட சீனி உட்செல்கின்றது. சிறு தேக்கரண்டிக் கணக்கிற் பதினொரு கரண்டி. தேநீரிற் பதினொரு கரண்டி சீனி போட்டுக் கொடுக்க எந்தத் தாய் உடன்படுவாள்? பின்னர், 2019இல் ஆக்கப்பட்ட விதிகள் பிற உணவுப் பொதிகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்ற மூன்றுக்குமாக இம்முறையை விரித்தன. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் குறி இது. படத்தின் வலிமையைப் படத்தாலேயே எதிர்க்கும் நல்ல முறை என்று நான் கருதுகிறேன்.

குறை கண்டவிடத்து யாரிடம் செல்வது? உணவு பழுதென்றோ, உறை மயக்கந் தருவதென்றோ கண்டால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். விலை, குறிப்பு, உத்தரவாதம் என்பன பற்றியவற்றை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கம் அதற்கென உள்ளது. எழுத்து மூல முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் அனுப்புதல் வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. ஆகவே பற்றுச்சீட்டையும் உறையையும் எறியாமல் வைத்திருங்கள். உறையில்லாத முறைப்பாடு சாட்சியில்லாத வழக்குப் போன்றது.

சட்டம் இருக்க, மக்கள் மீது பாரத்தைச் சுமத்துவது நீதியா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உற்பத்தி செய்பவரின் கடமையை வாங்குபவரின் தலையில் ஏற்றலாகாது. பெயரை விரற்கடை உயரத்தில் அச்சிட இடம் உள்ள உறையில், சேர்பொருள்களை ஒரு தமிழ்த் தாய் கண்ணாடி இல்லாமற் படிக்கும் அளவில் அச்சிட இடமில்லை என்று சொல்வது பொருந்தாது. எங்கள் எட்டாம் ஆண்டு மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெற்றுறைகளை மேசையிற் பரப்பி நோக்கினோம். மடிப்புக்குள் மறைந்த தமிழும், எழுத்துப் பிழையாற் பொருள் மாறிய தமிழும், நிறத்தோடு நிறமாய்க் கரைந்த தமிழும் கண்டோம். தெளிவாக அச்சிட்ட உறைகளும் சில இருந்தன. சிலரால் இயலுமாயின் எல்லாராலும் இயலும். இதனை உற்பத்தியாளரிடமும் அதிகாரிகளிடமும் நாம் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

எனினும், சட்டத்தின் கை ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் நாள்தோறும் எட்டாது. அது எட்டும் வரை பிள்ளையின் வயிறு காத்திராது. ஆதலால் வாங்குபவர் ஐந்து பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. உறையின் முகத்தைப் பார்த்தவுடன் அதனைப் பின்புறம் திருப்புங்கள். பொருளின் இயற்பெயர் என்ன என்று பாருங்கள். வியாபாரப் பெயரன்று, இயற்பெயர். சேர்பொருள் வரிசையில் முதல் மூன்றைப் படியுங்கள். எடையில் மிகுந்தது முதலில் வருவது முறையாதலால், அந்த மூன்றே பெரும்பாலும் அந்த உணவு. நிகர எடையைக் கண்டு 100 கிராமின் விலையைக் கணக்கிடுங்கள். கடைசியாக, காலாவதித் திகதியைப் பாருங்கள். அதன்மேல் வேறு சீட்டு ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். சீனி பல பெயரில் வரும் என்பதையும் மறவாதீர்கள். குளுக்கோசு, டெக்ஸ்ட்ரோசு, பிரக்டோசு, மோல்ற் பாகு என்பன யாவும் சீனியின் உறவினரே.

படிக்கத் தெரியாதவர் என் செய்வது? கண் மங்கிய முதியவர் என் செய்வது? இவ்விடத்திலேதான் பாடசாலைப் பிள்ளைகளின் துணை வேண்டும். நாம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிப்பது பரீட்சைக்காக மட்டுமன்று. வீட்டிலிருக்கும் பெரியவர்களின் கண்ணாக அவர்கள் இருத்தல் வேண்டும். ஆசிரியர்களாகிய என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். வெற்றுறைகளே பாடநூல். தமிழாசிரியர் இயற்பெயரையும் சேர்பொருளையும் வாசிப்பிக்கலாம். கணித ஆசிரியர் 100 கிராம் விலையைக் காணச் செய்யலாம். விஞ்ஞான ஆசிரியர் தராசில் எடையைச் சரிபார்க்கச் செய்யலாம். செலவு ஒன்றுமில்லை.

அந்தப் பெத்தாவைச் சில மாதத்துக்குப் பின் சந்தையிற் கண்டேன். பேத்தியும் உடனிருந்தாள். கிழவி ஒரு பக்கற்றைக் கையிலெடுத்து, முகத்தைப் பாராமலே பேத்தியிடம் நீட்டினார். “பின்பக்கத்தைப் படி புள்ள” என்றார். சிறுமி படித்தாள், கிழவி தலையை அசைத்துப் பக்கற்றை மீண்டும் தட்டிலே வைத்தார். அடுத்ததை எடுத்தார். கடைக்காரர் சிறிது பொறுமையிழந்தவராய்த் தோன்றினார்; ஆயினும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பக்கற்றைத்தான் அவர்கள் வாங்கினார்கள்.

என் தாயார் தயிர்ச்சட்டியின் அடியைத் தட்டியதும் இந்தக் கிழவி உறையின் பின்புறத்தைப் படிப்பித்ததும் ஒரே செயலே. பொருளைச் சோதித்து வாங்கும் உரிமை நம் முன்னோர் கையில் இருந்தது. அது நம் கையினின்றும் நழுவலாகாது. நாளை கடைக்குச் செல்லும் நேயர்கள், வழக்கமாக வாங்கும் ஒரேயொரு பொருளையாவது திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அருகில் ஒரு பிள்ளை இருந்தால், அப்பிள்ளையைக் கொண்டு படிப்பியுங்கள்.